வாசகர் கேள்வி – பதில்: உருகும் பனிக்கட்டியாறும் கலங்கும் கடலும்

துருவப் பகுதிகளில் பனிக்கட்டியாறுகள் உருகும்போது அங்குள்ள கரையோரக் கடல் சேற்று நிறமாகிறது என்று சென்ற இதழ்க் கட்டுரையொன்றில் ஒரு வரி வந்திருந்தது. திருகோணமலை மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டவை. ஒத்த கேள்விகளைச் சேர்த்து விடை தருகிறோம்.

மார்கழியில் மகாவலி பெருகி வந்தால் கொட்டியாரக் குடா செம்மண் நிறமாகும். அது காட்டையும் வயலையும் அரித்துக்கொண்டு வருகிற ஆறு, சரி. ஐஸ் உருகினால் வருவது சுத்தத் தண்ணீர்தானே? அதற்குள் சேறு எங்கிருந்து வருகிறது?
– கடற்றொழிலாளர், மூதூர்

ஐஸ் சுத்தம்தான். சேறு அதன் அடியில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மீற்றர் தடித்த பனிக்கட்டி தன் பாரத்தாலேயே மெல்ல மெல்ல நகர்கிறது. நகரும் வழியில் பாறைத் துண்டுகளைப் பெயர்த்து அடிப்பக்கத்தில் பதித்துக்கொள்கிறது. அந்தத் துண்டுகள் கீழேயுள்ள பாறையை உரச, இரண்டுமே தேய்கின்றன. அம்மியும் குழவியும் போலத்தான், ஆனால் இங்கே அரைபடுவது அம்மியும் குழவியுமே. மிஞ்சுவது பாறைமா: பெரும்பாலும் 63 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்திலொன்று) குறைந்த துணிக்கைகள், அவற்றுள் 2 மைக்ரோனுக்கும் குறைந்தவை கணிசம்.

மகாவலிச் சேற்றுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நம்முடைய ஆற்றுக் களி, வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் உக்கி உருமாறிய மண். பனியாற்றுச் சேறோ புதிதாக நொறுங்கிய பச்சைப் பாறை. அதிலுள்ள கனிமங்கள் பெரும்பாலும் மாறாமலே இருக்கும். கீழே கந்தளாய் விவசாயியின் கேள்விக்கு இது தேவைப்படும்.

இந்தச் சேற்றை வெளியே கொண்டுவருவது கோடை. மேற்பரப்பில் உருகும் தண்ணீர், பனிக்கட்டியிலுள்ள செங்குத்தான துளைகள் வழியே அடிக்கு விழுந்து, அங்குள்ள சுரங்கங்களில் ஓடி, அரைத்து வைத்ததையெல்லாம் அலசிக்கொண்டு கடலுக்கு வருகிறது. வடதுருவ ஆட்டிக் பகுதியில் ஆனி முதல் புரட்டாதி வரைதான் இந்த ஓட்டம். ஒரு சூடான வாரம் அல்லது ஒரு பெருமழை வந்தால், அந்தச் சில நாட்களிலேயே பருவத்துச் சேற்றில் பெரும்பங்கு இறங்கிவிடும். மாதத்துக்கு ஒரு தடவை மாதிரி எடுப்பவர்களுக்குக் கணக்கு தவறுவது இதனால்தான்.

அளவு சொல்வதானால்: ஆறுகள் வழியே உலகக் கடல்களுக்குச் சேரும் நன்னீரில் கிறீன்லாந்துத் தீவை மூடிய பனிவிரிப்பின் பங்கு 1.1 சதவீதம் மட்டுமே. நீரில் தொங்கிவரும் வண்டலில் அதன் பங்கோ ஏறத்தாழ 8 சதவீதம் என்று, செய்மதிப் படங்களைக் கொண்டு செய்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்குள்ள எல்லா ஆறுகளும் சமமாகக் கொண்டுவருவதுமில்லை. 15 சதவீதமான ஆறுகள் 80 சதவீத வண்டலைச் சுமக்கின்றன.

நிறம் பாறையைப் பொறுத்தது. ஆட்டிக்கிலுள்ள நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், கொங்ஸ்ஃபியோர்ட் குடாவில் செந்நிறப் படிவுப் பாறை இருப்பதால் அங்கே கலங்கல் செம்பழுப்பு. கொட்டியாரக் குடாவைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதாகத் தெரியாது. (இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குவது இந்தக் குடாவின் கரையில்தான்.) வேறு இடங்களில் சாம்பல், பால் வெள்ளை.

அந்தாட்டிக்காவை இதோடு ஒன்றாகப் போட்டுவிடக் கூடாது. அதன் பெரும்பகுதியில் குளிர் அதிகம், மேற்பரப்பில் உருகுவது குறைவு. அங்கே பாறைத்தூள் பனிக்கட்டியின் அடியோடு நகர்ந்தும், மிதக்கும் பனிப்பாறைகளில் ஏறிப் போய் நடுக்கடலில் உதிர்ந்தும் பரவுகிறது. அந்தாட்டிக்கத் தீபகற்பமும் அதன் அருகிலுள்ள தென் ஷெட்லாந்துத் தீவுகளும் மட்டும் கோடையில் ஆட்டிக்கைப் போல நடந்துகொள்கின்றன.

மண் கலந்த தண்ணீர் பாரம் கூட. அப்படியென்றால் கடலுக்கு அடியில்தானே போக வேண்டும்? படங்களில் மேலே மிதப்பது எப்படி?
– உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி, உப்புவெளி

நல்ல கேள்வி, தங்கச்சி. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கனமீற்றர் நன்னீர் 1000 கிலோ. அதே கனமீற்றர் துருவக் கடல்நீர் ஏறத்தாழ 1027 கிலோ. இப்போது நன்னீரில் ஒரு கிலோ பாறைத்தூளைக் கலக்குங்கள். பாறையின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு, ஆகவே அது 0.38 கிலோ தண்ணீரை விலக்கி உட்காரும். கூடும் நிறை 0.62 கிலோ மட்டுமே. கடல்நீரை எட்ட 27 கிலோ கூட வேண்டும். 27ஐ 0.62ஆல் வகுத்தால் 44 கிலோ. அதாவது லீற்றருக்கு 44 கிராம் சேறு இருந்தால்தான் அந்தத் தண்ணீர் கடலுக்கடியில் போகும். உருகுநீரில் வழக்கமாக இருப்பது லீற்றருக்கு ஒரு கிராமுக்குள், மிஞ்சினால் சில கிராம். எனவே மிதக்கிறது.

உங்கள் ஊரிலேயே இதைப் பார்க்கலாம். வெள்ள நாளில் கொட்டியாரக் குடாவுக்குள் போகும் இயந்திரப் படகின் பின்னால், விசிறி கிளறிய தடத்தில் பழுப்புக்கு நடுவே பச்சைத் தண்ணீர் மேலே வரும். சேற்று நீர் மேலே மெல்லிய படையாக இருப்பதுதான் காரணம்.

பனிக்கட்டியாற்றில் இன்னொரு சங்கதி உண்டு. எங்கள் கணிப்பில் இந்தப் பொருளின் மையமே அதுதான். நமது ஆறு கடலின் மேற்பரப்பில் வந்து கலக்கிறது. ஆனால் பனியாற்றின் முகப்பு கடலுக்குள்ளேயே நின்றால், உருகுநீர் அதன் அடிவாரத்தில், பல பத்து மீற்றர் முதல் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்தில், சுரங்க வாயால் வெளியே வருகிறது. நன்னீர் ஆதலால் பனிச்சுவரை ஒட்டி விறுவிறுவென்று மேலே ஏறும். ஏறும்போது சுற்றியுள்ள ஆழ்கடல் நீரைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். மேலே வந்து சேரும்போது அதில் உருகுநீரைவிட அது இழுத்துவந்த கடல்நீர் பல மடங்கு. ஆழ்கடல் நீரில் நைத்திரேற்று அதிகம். அது வெளிச்சத்துக்கு வந்ததும் நுண்பாசிகளுக்கு உரமாகிறது. கலங்கல் பட்டையைத் தாண்டி, சேறு படிந்து தண்ணீர் தெளியும் இடத்தில் பாசி செழிக்கும்.

பனியாறு பின்வாங்கி முகப்பு கரையேறிவிட்டால் இந்த இறைப்பு நின்றுபோகும். அப்போது அதே உருகுநீர், அதே சேறு, சாதாரண ஆறாக மேற்பரப்பில் வந்து விரியும். அடியிலிருந்து உரம் வராது, மேலே வெளிச்சமும் மறைக்கப்படும். தென்மேற்குக் கிறீன்லாந்தில் நூக் நகரை அடுத்த, பனியாறுகள் கடலில் நிற்கும் குடாவில் வளம் கூட. வடகிழக்கில் பனியாறுகள் நிலத்திலேயே முடியும் யங் சவுண்ட் குடாவில் வளம் குறைவு. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியது இதைத்தான். ஆகவே ‘சேறு கூடினால் கெடுதல்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. சேறு எந்த ஆழத்தில் கடலுக்குள் நுழைகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

பரீட்சைக்கு உதவாத, ஆனால் ஆய்வில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று. மேலேறும் நீர் போதிய கடல்நீரை இழுத்துக்கொண்டால் மேற்பரப்புக்கு வராமலே இடையில் ஏதோவோர் ஆழத்தில் கிடையாக விரிந்துவிடும். செய்மதிப் படத்தில் கடல் தெளிவாகத் தெரியும். இருபது மீற்றருக்குக் கீழே சேறு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தச் சேறு அடியில் படிய எவ்வளவு காலம் எடுக்கும்? வகுப்பறையில் செய்துகாட்ட வழி உண்டா?
– ஆசிரியை, தம்பலகாமம்

தனித் துணிக்கையாக விழுந்தால், நம்ப முடியாத காலம். பூச்சியப் பாகை செல்சியசில் 100 மீற்றர் ஆழம் விழ 60 மைக்ரோன் துணிக்கைக்கு ஒரு நாளுக்கும் குறைவு. 20 மைக்ரோனுக்கு ஆறு நாள். 2 மைக்ரோனுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல். விட்டம் பத்திலொன்றாகக் குறைந்தால் விழும் வேகம் நூறிலொன்றாகும். இதற்கு மேல் குளிர் வேறு: துருவக் கடல்நீரின் பிசுக்குத்தன்மை திருகோணமலைக் கடல்நீரைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதனால் அங்கே அதே துணிக்கை பாதி வேகத்துக்கும் குறைவாகவே விழும்.

உண்மையில் அவ்வளவு நாள் எடுப்பதில்லை. காரணம் உப்பு. களித் துணிக்கைகளின் மேற்பரப்பில் ஒரே வகையான, மறை (–) மின்னேற்றம் இருப்பதால் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். உப்பு நீரின் அயன்கள் அந்தத் தள்ளுவிசையை அடக்கிவிடுகின்றன. பிறகு மோதும் துணிக்கைகள் ஒட்டித் திரளாகின்றன. லீற்றருக்குச் சில கிராம் உப்பே இதற்குப் போதும். திரள்கள் செக்கனுக்கு அரை மில்லிமீற்றர் முதல் சில மில்லிமீற்றர் வரை இறங்கும், அதாவது 100 மீற்றருக்கு இரண்டு மூன்று நாள் அல்லது அதற்கும் குறைவு. இன்னொரு குறுக்குவழியும் உண்டு. கோப்பிபொட் எனும் மிதவை உயிரிகள் இரையோடு சேற்றையும் விழுங்கிக் கட்டியான எச்சமாக வெளிவிட, அது விரைவாகக் கீழே போகும். இதனால்தான் சேற்றின் பெரும்பகுதி பனிமுகப்புக்கு அருகிலேயே குவிகிறது. அலாஸ்காவின் சில குடாக்களில் முகப்பை ஒட்டி வருடத்துக்கு மீற்றர் கணக்கில் படிகிறது.

செய்துகாட்ட: ஒரு லீற்றர் மழைத் தண்ணீர் அல்லது பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் எடுங்கள். குளக்கரைக் களி அரைத் தேக்கரண்டி, இரண்டு கிராம் அளவு, ஓர் இரவு ஊறவிட்டு நன்றாகக் கரையுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் மணலும் 20 மைக்ரோனுக்கு மேற்பட்ட துணிக்கைகளும் மேல் 10 சென்ரிமீற்றரை விட்டு இறங்கிவிடும். மேலுள்ள கலங்கலை மட்டும் இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் சரிபாதியாக, மெதுவாக ஊற்றுங்கள். அரை லீற்றருக்கு 17 கிராம் என்ற கணக்கில், ஏறத்தாழ மூன்று மட்டத் தேக்கரண்டி உப்பை ஒன்றில் மட்டும் கரையுங்கள். இரண்டையும் ஒரே தரம் கவிழ்த்து நிமிர்த்தி, ஜன்னல் ஓரம் வையுங்கள். பக்கவாட்டில் ரோர்ச் அடித்துப் பார்த்தால் உப்புப் போத்தலில் முதல் அரை மணிக்குள் சிறு சிறு பஞ்சுத் துகள் போல உருவாவது தெரியும். ஓரிரு மணியில் மேற்பகுதி தெளியத் தொடங்கும். மற்றப் போத்தல் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும்.

வராமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம் கிணற்றுத் தண்ணீர். கடலோரக் கிணறுகளில் ஏற்கெனவே உப்பும் கல்சியமும் இருப்பதால் இரண்டு போத்தலும் ஒன்றுபோலத் தெளிந்து, பிள்ளைகள் ‘வித்தியாசமே இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். களி மிகக் குறைவாக இருந்தாலும் சரிவராது. துணிக்கைகள் சந்தித்தால்தானே ஒட்டும். இடையில் போத்தலைக் குலுக்கினால் திரள் உடைந்துவிடும். கடையில் வாங்கும் மேசை உப்பில் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் இலேசான வெண்கலங்கலைத் தரலாம், கல்லுப்பு நல்லது.

நிலாவெளிப் பக்கம் கலங்கல் வந்தால் நாங்கள் ஓரிரு நாள் சுழியோடுவதை நிறுத்துவோம், அவ்வளவுதான். துருவக் கடலிலுள்ள உயிர்களுக்கு என்ன ஆகிறது?
– சுழியோடி, நிலாவெளி

ஓடிப்போக முடியாத உயிர்களுக்குத்தான் சிக்கல். நன்றாகப் பதிவான இடம் பொட்டர் கோவ்: தென் ஷெட்லாந்தின் கிங் ஜோர்ஜ் தீவில், ஆர்ஜென்ரீனாவின் கார்லினி நிலையத்துக்கு முன்னாலுள்ள சிறு குடா. அங்கே ஃபோர்கேட் பனியாறு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. 1994, 1998, 2010 ஆகிய ஆண்டுகளில் சுழியோடிகள் அடித்தரையைப் படம்பிடித்து ஒப்பிட்டார்கள். முதலில் அங்கே பெருகியிருந்தவை அசிடியன் எனும் குடுவை வடிவ உயிர்கள், தண்ணீரை உறிஞ்சி வடித்து உண்பவை. 2010இல் அவை வெகுவாகக் குறைந்து, கலங்கலைத் தாங்கும் கடற்பேனா போன்றவை கூடியிருந்தன. வடித்து உண்ணும் உயிருக்குச் சேறு இரண்டு விதத்தில் கேடு: வடிகட்டி அடைபடும், அடைப்பை நீக்கத் தின்ற சக்தியைச் செலவழிக்க வேண்டும். சாகாவிட்டாலும் வளர்ச்சி நிற்கும்.

அதே குடாக் கரையில் இறந்து ஒதுங்கிய கிறில் எனும் சிறிய இறால் போன்ற உயிர்களின் குடல் முழுக்கப் பாறைத்துணிக்கை இருந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதே இடத்தில், பனியாறு விலகியதால் வெளிப்பட்ட புதிய பாறைகளில் பெருங்கடற்பாசிகள் குடியேறியுமிருக்கின்றன. பாசிக்கு ஆழ எல்லையை வெளிச்சம் தீர்மானிக்கும். கலங்கல் கூடினால் அந்த எல்லை மேலே வரும். ஆகவே முகப்புக்குப் பக்கத்தில் பாசி ஆழம் குறைந்த மெல்லிய பட்டையாகவே நிற்கும்.

கலங்கலில் விருந்து சாப்பிடுபவையும் இருக்கின்றன. ஸ்வால்பார்ட்டில் பனிமுகப்பில் நீர் மேலெழும் பழுப்பு வட்டத்தின் மேல் கிற்றிவேக் எனும் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் மொய்க்கும். ஆழத்திலிருந்து இழுபட்டு வரும் மிதவை உயிர்கள் திடீரென நன்னீரில் மாட்டி மயங்கி மேலே மிதப்பதுதான் காரணம். வளையச் சீல்களும் பெலூகாத் திமிங்கிலங்களும் அங்கே வருவதுண்டு. பனியாறு கரையேறினால் இந்தப் பந்தியும் முடிந்துவிடும்.

பனியாற்றுத் தூள் வயலுக்கு நல்ல உரம் என்கிறார்களே, உண்மையா? கடலுக்கும் அது உரமா?
– விவசாயி, கந்தளாய்

பாதி உண்மை. புதிதாக நொறுங்கிய பாறை ஆதலால் பொற்றாசியம், கல்சியம், மக்னீசியம், சிலிக்கன் எல்லாம் உண்டு. துணிக்கை நுண்ணியதாக இருப்பதால் மண்ணில் விரைவாகக் கரையும். கிறீன்லாந்துத் தூளை டென்மார்க்கிலும் கானாவிலும் வயல்களில் இட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதில் நைதரசன் இல்லை. யூரியாவுக்குப் பதிலாகாது. தொன் கணக்கில் இட வேண்டிய பொருளைக் கிறீன்லாந்திலிருந்து கந்தளாய்க்குக் கப்பலேற்றினால் செலவு கட்டாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

கடலில் எதிர்பார்க்கப்படுவது இரும்பு. அந்தாட்டிக்காவைச் சுற்றியுள்ள பெருங்கடலில் நைத்திரேற்று தாராளம், இரும்புக்குத்தான் பஞ்சம். அங்கே பனியாற்றுச் சேறும் மிதக்கும் பனிப்பாறைகளும் கொண்டுவரும் இரும்புக்கு மதிப்புண்டு. ஆனால் கரைந்த இரும்பில் பெரும்பகுதி, உப்பு நீரைத் தொட்டதும் மேலே சொன்ன அதே திரளலில் மாட்டிக் குடாவுக்குள்ளேயே அடியில் போய்விடுகிறது. கிறீன்லாந்துக் குடாக்களில் பற்றாக்குறை நைத்திரேற்று. அங்கே இரும்பு கூடியும் பெரிய பயனில்லை.

அந்தச் சேறு நம் கடலுக்கும் வருமா?
– சீனன்குடா வாசகர்

வராது. பெரும்பகுதி அந்தக் குடாக்களிலேயே படியும். மிஞ்சுவதும் அங்குள்ள கண்டமேடையில் தங்கிவிடும். நமக்கு வந்து சேர்வது கடல்மட்ட உயர்வு.

கொட்டியாரக் குடாவில் மாணவரைக் கொண்டு கலங்கலை அளக்க விரும்புகிறோம். துருவத்தில் எப்படி அளக்கிறார்களோ அப்படியே செய்ய முடியுமா?
– விஞ்ஞான ஆசிரியர், கிண்ணியா

முடியும். முதல் கருவி, தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கித் தட்டு, 1865இல் இத்தாலிய வானியலாளர் அஞ்ஜெலோ செக்கி பரிசோதித்தது; இன்றும் பனிமுகப்புக்கு முன்னால் படகிலிருந்து இதை இறக்குகிறார்கள். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத் தகரத்தை அல்லது பலகையை மங்கல் வெள்ளை பூசி, நடுவில் துளையிட்டு, அடியில் இரண்டு கிலோ ஈயம் கட்டுங்கள். கயிறு இழுபடாததாக இருக்க வேண்டும். 10 சென்ரிமீற்றருக்கு ஒரு குறி. கட்டிய பின் நனைத்து ஒரு தரம் நீட்டிப் பார்த்துக் குறியிடுவது நல்லது. தென்னங்கயிறு வேண்டாம், ஊறினால் நீளம் மாறும்.

காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில், படகின் நிழல் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பாருங்கள். தட்டு மறையும் ஆழத்தையும், மெல்ல இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் எழுதி, இரண்டின் சராசரியை எடுங்கள். நீரோட்டத்தில் கயிறு சரிந்தால் ஆழம் உள்ளதைவிடக் கூடுதலாக வரும், ஈயத்தைக் கூட்டுங்கள். வாடைக் காற்று அடிக்கும் நாளில் அளவு நம்பகமில்லை, படகையும் எடுக்க வேண்டாம்.

எத்தனை மில்லிகிராம் சேறு என்று அறிய வடித்துத்தான் நிறுக்க வேண்டும். 47 மில்லிமீற்றர் கண்ணாடிநார் வடிதாளை (துளை 0.7 மைக்ரோன்) 105 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் உலர்த்தி, உலர்த்திக் கலத்தில் ஆறவிட்டு, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் நிறுங்கள். போத்தலை நன்றாகக் குலுக்கி, உடனே அளவு சாடியில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் பருத்த துணிக்கை அடியில் தங்கிக் கணக்குக் குறையும். வெள்ளக் காலத்துத் தண்ணீர் 100 மில்லிலீற்றர் போதும், தெளிந்த காலத்தில் ஒரு லீற்றர் வேண்டும். வடிந்த பின் காய்ச்சி வடித்த தண்ணீர் 20 மில்லிலீற்றராக மூன்று தரம் ஊற்றி உப்பைக் கழுவுங்கள், தாளின் விளிம்பையும் சேர்த்து. பலர் தவறுவது இங்கேதான். தாளில் 0.2 மில்லிலீற்றர் கடல்நீர் தங்கினாலே 7 மில்லிகிராம் உப்பு. தெளிந்த கடலின் ஒரு லீற்றரில் உள்ள மொத்தச் சேறே அதைவிடக் குறைவாக இருக்கலாம். பிறகு திரும்ப உலர்த்தி நிறுத்து, முதல் நிறையைக் கழியுங்கள்.

ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு வெற்றுத் தாள் ஓட்டுங்கள்: ஏற்கெனவே வடித்தெடுத்த கடல்நீரை அதே அளவு ஊற்றி, அதே மாதிரி கழுவி நிறுப்பது. அதன் நிறை ஒரு மில்லிகிராமுக்கு மேல் கூடினால் கழுவியது போதவில்லை. அந்தத் தொகுதியின் அளவுகளை ஒதுக்கிவிட்டு, மிச்ச மாதிரியிலிருந்து திரும்ப வடியுங்கள். அதற்காகத்தான் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு லீற்றருக்குக் குறையாமல் எடுத்துவரச் சொல்கிறோம். வைத்திருக்கும் நேரத்தில் ஐஸ் பெட்டியில், இருட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள். உறைந்தால் துணிக்கைகள் ஒட்டிக்கொண்டு வேறு அளவில் வந்துவிடும்.